மண்ணோடு விளையாடிப் பார்க்கட்டும்!



ஆயர் ஈத்தாம் என்றதும் மலேசியர் பலருக்கு முதலில் நாவில் நீர் ஊறும். அந்தச் சந்தை வட்டாரத்து லக்சாவின் புகழ் அப்படி. அடுத்து நினைவுக்கு வருவது மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கெக் லோக் சி ஆலயம். அதற்கும் அடுத்து, 1923ஆம் ஆண்டு முதல் கொடிமலைக்கு ஏறி இறங்கும் மலை ரயில். பினாங்குத் தீவுக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள்.

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கோ நான்காவதாக ஒன்றும் தெரியும். அது பயம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும் இரவுகளில் அவர்கள் சன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் அடித்த புயல்மழையில் தீவெங்கும் வெள்ளம், பல இடங்களில் நிலச்சரிவு. மறு ஆண்டு, 2018 அக்டோபர் 19ஆம் தேதி, ஆயர் ஈத்தாமை அடுத்த பாயா தெருபோங் பகுதியில், புக்கிட் குக்குஸ் சாலைப் பணியிடத்தில் மலை சரிந்தது. 9 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்.

இப்படிப்பட்ட துயரத்தைச் சொல்லிவிட்டு, "இன்றைய தலைப்பு: பொறியியல் மாணவர்களுக்கு மண்ணைக் கற்பிக்கும் பலகை விளையாட்டு" என்று சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வரலாம். உயிர் போகிற விஷயத்தில் விளையாட்டா என்று கேட்கலாம். உயிர் போகிற விஷயம் என்பதால்தான் விளையாட்டு தேவைப்படுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

வினாத்தாள் காட்டிக் கொடுக்கிறது

கட்டடப் பொறியியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் மண் இயக்கவியல் என்ற பாடத்தைக் கடந்தாக வேண்டும். சாயில் மெக்கானிக்ஸ் என்பார்கள். மண் எவ்வளவு பாரம் தாங்கும், நீர் சேர்ந்தால் என்ன ஆகும், சரிவு எப்போது நழுவும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பாடம் அது. பாடம் கடினம்தான். ஆனாலும் சூத்திரங்களை மனப்பாடம் செய்து, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்து, நல்ல புள்ளிகள் வாங்கிவிடுகிற மாணவர்கள் உண்டு.

அதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. தேர்வுத்தாளில், "இந்த மண்ணின் உராய்வுக் கோணம் 30 டிகிரி, நிலத்தடி நீர் மட்டம் இத்தனை மீட்டர் ஆழத்தில்" என்று எல்லா விவரமும் அச்சடித்துக் கொடுக்கப்படுகிறது. மாணவர் செய்ய வேண்டியதெல்லாம் எண்களைச் சூத்திரத்தில் போடுவது. மலையோ எந்த எண்ணையும் எழுதி நீட்டுவதில்லை. எல்லாவற்றையும் புல்லுக்கும் மரத்துக்கும் அடியில் மூடி வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத் துளை போட வேண்டும். துளைக்குப் பணம் வேண்டும், நாள் வேண்டும். "இரண்டு துளை போதாதா? எதற்கு எட்டு?" என்று கேட்கும் முதலாளியிடம் வாதாடத் துணிவும் வேண்டும்.

இந்த மூன்றையும் எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். மண் விஷயத்தில் அந்தச் சுரைக்காயை நம்பிக் கறி வைத்தால் பட்டினி கிடப்பது வேறு யாரோ.

தஞ்சோங் பூங்கா சம்பவத்தை ஆராயப் பினாங்கு மாநில அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அது தவிர்த்திருக்கக்கூடிய துயரம், மனிதரால் விளைந்தது என்பதே ஆணையத்தின் முடிவு. மனிதரால் விளைந்தது என்றால் மனிதரைத் தயார்படுத்தும் இடத்தில் கேள்வி வந்து நிற்கிறது. அந்த இடம் வகுப்பறை.

பாடம் சொன்ன பலகைகள்

விளையாட்டைக் கொண்டு பாடம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பாட்டிமார்கள் விரிக்கும் பரமபத சோபன படத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல குணம் ஏணியாகத் தூக்கிவிடும், தீய குணம் பாம்பாகக் கீழே இழுக்கும். எழுத்தறியாத பிள்ளைக்கும் அறம் புரிந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியை முடக்க ஆடுகள் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதை யாரும் சொற்பொழிவாற்றிக் கற்பிக்கவில்லை.

விடுமுறை நாள்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆடும் சைதினாவுக்கும் அதன் மூத்த உறவான மோனோபோலிக்கும் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904ஆம் ஆண்டு ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவுடைமையாளர் விளையாட்டு என்று அதற்குப் பெயர். நிலத்தை ஒரு சிலரே வளைத்துப்போட்டால் மற்றவர்கள் வாடகை கட்டியே வறுமையில் விழுவார்கள் என்பதைப் புரியவைப்பது அவர் நோக்கம். அந்த விளையாட்டின் வழியில்தான் பிற்காலத்து மோனோபோலி வந்தது. பாடம் மறைந்து பணம் சேர்ப்பது மட்டும் நின்றுவிட்டது வேறு கதை.

பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரிகள் 1820களிலேயே வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பழகினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான பீர் விளையாட்டு, சரக்குச் சங்கிலியில் ஒருவர் பதற்றப்பட்டு அதிகமாகக் கொள்முதல் கேட்டால் அது எப்படி எல்லாரையும் ஆட்டிவைக்கிறது என்று நிர்வாக மாணவர்களுக்கு இன்றும் காட்டிவருகிறது.

மண்ணுக்கே வருவோம். நெதர்லாந்து நாட்டில் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகள்தாம் அதைக் காக்கின்றன. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் வில்னிஸ் என்ற ஊரில் ஒரு கரை உடைந்தது. உடைத்தது வெள்ளமல்ல, வறட்சி! மக்கிய தாவர மண்ணால் ஆன கரை, வெயிலில் காய்ந்து எடை குறைந்து, பின்னாலிருந்த நீர் தள்ளியதும் நகர்ந்துவிட்டது. அந்த நாட்டின் டெல்டாரஸ் ஆய்வு நிலையம், கரைக் காவலர்களுக்கென்றே லெவி பெட்ரோலர் என்ற கணினி விளையாட்டை உருவாக்கியது. ஆடுபவர் கரையோரம் நடந்து விரிசலையும் கசிவையும் கண்டுபிடித்து, அறிக்கை கொடுத்து, நடவடிக்கை எடுக்க வேண்டும். தாமதித்தால் திரையில் ஊர் மூழ்கும். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் ஒரு கூலியாள் தன் பங்குக் கரையை அடைக்காமல் விட்டதால் மதுரைக்கே ஆபத்து வந்ததே, ஏறக்குறைய அதே பாடம்.

கணினி இருந்தால்தான் முடியும் என்பதில்லை. அட்டை, பொத்தான், தாயக்கட்டை போதும்.

பத்துக் கறுப்புப் பொத்தான்

ஆயர் ஈத்தாம் போன்ற ஒரு மலைச்சரிவை அட்டையில் வரைந்துகொள்ளலாம். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சீட்டின் அடியில் அங்குள்ள மண் எழுதியிருக்கும். கருங்கல் மக்கி உருவான மண், களிமண், முன்பு யாரோ கொட்டி நிரப்பிய தளர்ந்த மண், அடியில் ஒளிந்திருக்கும் நீரூற்று என்று பல வகை. பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும், 25 டிகிரிக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலமாகக் கருதப்பட்டு மேம்பாடு கட்டுப்படுத்தப்படுகிறது. அந்த 76 மீட்டர் கோட்டையும் அட்டையில் சிவப்பில் போட்டுவிடலாம்.

நான்கு மாணவர்கள் ஓர் அணி. கையில் குறிப்பிட்ட பணம். மலையடியில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும். ஒரு சீட்டைத் திருப்பிப் பார்க்க விரும்பினால் துளைச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டும். உண்மைச் சோதனையில் 63.5 கிலோ சம்மட்டி 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து குழாயை மண்ணுக்குள் அடிக்கும். 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். சீட்டிலும் அந்த எண்ணிக்கையே இருக்கும். அதை வைத்து மண்ணின் பலத்தை மாணவர்களே கணிக்க வேண்டும். வடிகால், தடுப்புச் சுவர், மண்ணில் செருகும் இரும்புக் கம்பி, புல் நடுதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

அதன் பிறகு மழை. தாயக்கட்டை மழையை மட்டுமே தீர்மானிக்கும், மண்ணை அல்ல.

இந்த இடத்தில்தான் பாடத்தின் உயிர்நாடி வருகிறது. ஓர் ஆழத்தில் மேலிருக்கும் மண்ணின் பாரம் 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பத்துக் கறுப்புப் பொத்தான். நீர் இல்லாதபோது அந்தப் பாரம் முழுவதும் மண் துகள்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. உராய்வுக் கோணம் 30 டிகிரி என்றால் நழுவாமல் தடுக்கும் பலம் சுமார் 58. சரிவு கீழே இழுக்கும் விசை 40 என்று கொண்டால், 58ஐ 40ஆல் வகுக்க 1.44 வருகிறது. இதுதான் பாதுகாப்புக் காரணி. ஒன்றுக்கு மேல் இருந்தால் சரிவு நிற்கும். வடிவமைப்பில் சுமார் 1.3 முதல் 1.5 வரை எதிர்பார்ப்பார்கள்.

மழை பெய்கிறது. நீர் துகள்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கித் தள்ளுகிறது. அந்த நீர் அழுத்தம் 40 என்றால் நான்கு நீலப் பொத்தான்கள் வந்து நான்கு கறுப்பைத் தூக்கிவிடும். மிச்சம் ஆறு. பலம் 35க்குக் கீழே போகும். வகுத்துப் பார்த்தால் 0.87. மலை சரிந்தது! மண் மாறவில்லை, சரிவு மாறவில்லை, கட்டடம் மாறவில்லை. நான்கு பொத்தான்தான் மாறியது. வடிகாலுக்குப் பணம் செலவழித்த அணியின் மேசையிலோ இரண்டு நீலப் பொத்தான்கள் வெளியேறிவிடும், மிச்சம் எட்டு, காரணி 1.15. மயிரிழையில் தப்பித்தார்கள்.

மேல்மண் பாரத்திலிருந்து நீர் அழுத்தத்தைக் கழித்தால் மீதியே மண்ணின் உண்மையான பிடிப்பு. கார்ல் தெர்சாகி நிறுவிய இந்தக் கருத்துதான் நவீன மண் இயக்கவியலின் அடித்தளம். மாணவர்கள் அதை ஒரு வரிச் சூத்திரமாக எழுதிவிடுவார்கள். தங்கள் கையால் நான்கு பொத்தானை எடுத்து வைத்துத் தங்கள் கட்டடத்தைத் தாங்களே கவிழ்த்துப் பார்த்தவர்கள், அடுத்த முறை மழைத்தூறலைப் பார்க்கும்போதே வடிகால் எங்கே என்று தேடுவார்கள்.

அதிர்ஷ்டம் கெட்ட வாத்தியார்

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஓர் அணி துளையே போடவில்லை, வடிகாலும் வைக்கவில்லை. தாயம் நல்லபடி விழுந்து மழை குறைந்துவிட்டது. மிச்சப் பணத்தோடு அந்த அணி வென்றுவிடும். அந்த நான்கு மாணவர்களும் என்ன கற்றுக்கொண்டு போவார்கள்? சோதனை வீண் செலவு என்றுதானே?

யோசித்துப் பார்த்தால் வெளியுலகிலும் இப்படித்தான் நடக்கிறது. "முன்பும் இப்படித்தான் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சு, மழை குறைந்த ஓர் ஆண்டின் பரிசு. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 உயிர்களைப் பறித்தது. அதற்கு முந்தைய நாள் வரை அங்கே குடியிருந்தவர்களுக்கு எத்தனையோ மழைக்காலங்கள் ஒன்றும் ஆகாமல்தான் கழிந்திருந்தன.

ஆகவே விளையாட்டை வடிவமைக்கும் விரிவுரையாளர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். எல்லா மேசைகளுக்கும் ஒரே மலையைக் கொடுத்து, மழையை மட்டும் வேறுவேறாக விடலாம். ஆட்டம் முடிந்ததும் எல்லா முடிவுகளையும் கரும்பலகையில் எழுதலாம். துளை போடாத அணிகளில் எத்தனை சரிந்தன, போட்டவற்றில் எத்தனை நின்றன என்று வகுப்பே எண்ணட்டும். புள்ளிகளையும் கட்டடம் நின்றதா விழுந்ததா என்பதை வைத்துக் கொடுக்காமல், எடுத்த முடிவுக்கு அணி சொன்ன காரணத்தை வைத்துக் கொடுக்க வேண்டும். ஆட்டம் அரை மணி நேரம் என்றால் அதைப் பற்றிய பேச்சு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அந்தப் பேச்சு இல்லையென்றால் அது வெறும் பொழுதுபோக்கு.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று விரிவுரையாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு பருவத்தில் இரண்டே வகுப்புகள் போதும். நீர் அழுத்தத்தைக் கற்பித்த வாரத்தில் ஒன்று, சரிவுப் பாடம் முடிந்த பின் ஒன்று. மற்ற வகுப்புகள் வழக்கம்போல நடக்கட்டும். அட்டைப் பலகை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றாகாது. ஈரக் களிமண்ணை உருட்டிப் பார்த்தால் விரல் அறிவதை எந்தச் சீட்டும் சொல்லாது. ஆடிய கையோடு மாணவர்கள் மண்ணையும் தொட வேண்டும், மலையையும் போய்ப் பார்க்க வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில்தான் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் பினாங்கு மலைகள்.

சுருட்டுப் பெட்டியில் பிறந்த கல்வி

செலவைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டாம். சற்று முன் சொன்ன தெர்சாகி, முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல் நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார். பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும், கழித்துப் போட்ட பொருள்களையும் கொண்டு தானே கருவிகளைச் செய்து மண்ணைச் சோதித்தார். அந்தச் சோதனைகளின் பலன் 1925ஆம் ஆண்டு வியன்னாவில் நூலாக வெளிவந்தது. மண் இயக்கவியல் ஒரு தனித்துறையாக நிமிர்ந்தது. சுருட்டுப் பெட்டியில் தொடங்கிய கல்விக்கு அட்டைப் பலகை இழுக்கல்ல.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பொறியியல் படிக்கும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் பொத்தான் அடுக்கி விளையாடியதாகச் சொன்னால், "இதற்கா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். இன்று யார் கட்டடத்தைச் சாய்த்தாய், ஏன் சாய்ந்தது என்று கேளுங்கள். பிள்ளை தெளிவாக விளக்கினால் கடன் வீணாகவில்லை.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது நம் பழமொழி. அது குதிரை அல்ல, குதிர். ஆற்று நடுவே திரண்டு நிற்கும் மணல் திட்டு என்று விளக்கம் சொல்வோர் உண்டு. பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்தால் கரைந்துவிடும். அந்த விளக்கப்படி பார்த்தால், நம் முன்னோர் சொல்லி வைத்தது மண் இயக்கவியலின் முதல் பாடம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டது இன்னும் மறக்கவில்லை. ஆயர் ஈத்தாமில் இந்த ஆண்டும் மழைக்காலம் வரும். மலையடிவாரத்தில் சன்னலைத் திறந்து பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே உள்ள சரிவை நாளை வெட்டவோ கட்டவோ கையெழுத்திடப் போகும் இளைஞர் இன்று எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். தன் முதல் தவற்றை அவர் அட்டையில் செய்து முடிக்கட்டும். சரிந்த பொத்தானை மீண்டும் அடுக்கிவிடலாம்.